ஐந்தாவது கட்டத்தில் எழுதியது

என் கிராணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்கா காஜா பெராங்கில் உன் வீட்டில் பார்ச்சு. பழக்காலத்தில் முன்னோருக்கு இலை போட்டு அழைக்கும் உங்கள் செட்டி வழக்கத்தை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இந்த வருஷம் முதல்முறையாக உனக்கும் ஓர் இலை விழுந்ததைச் சொல்லத்தான் வேண்டும். டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் எல்லா இலையிலும் இருந்தன. உன் இலையில் மட்டும் ஓரமாக ஒரு காகிதச் சுருள், அதற்குள் கச்சான் பூத்தே, நம் வறுத்த கடலை. உன் வீட்டம்மா எதையும் மறக்கவில்லை. சாம்பிராணிப் புகையில் எனக்குக் கண் எரிந்தது. புகையால்தான் என்று வைத்துக்கொள்.

இலையில் சாப்பிட வருகிற முன்னோருக்கு இடைஞ்சல் கூடாது என்று எல்லோரும் வெளியே வந்து காத்திருந்தோம். அப்போதுதான் என் மகளுக்குப் போன் வந்தது. அவள் ஆயர் குரோவில் வேலை பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்பதை நம் இருவருக்கும் அவள் பத்துத் தடவை விளக்க, பத்துத் தடவையும் நாம் தலையாட்டியிருக்கிறோம். பெரிய கம்பெனிகளில் யார் எந்தக் கதவுக்குள் போகலாம், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று பார்த்து உள்ளே விடுகிற மென்பொருளை அவர்கள் ஆபீஸ் கவனித்துக்கொள்கிறது. சுருக்கமாகச் சொன்னால் அவளும் என்னைப் போல ஒரு ஜாகாதான். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிற வாசற்காவல், அவ்வளவே.

போனில் பேசிக்கொண்டே படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"என்னம்மா?" என்றேன்.

"பெரிய மேட்டர்ப்பா. ஒவ்வொருத்தர் உள்ள வர்றப்பவும் சிஸ்டம் ஒரு பதிவு எழுதி வைக்கும். யாரு, எப்ப, எதுக்குன்னு. அதோட சேத்து அவங்க அடிச்ச பாஸ்வர்ட்டையும் அப்படியே எழுதிருக்கு. அந்தப் பதிவை ஆபீஸ்ல பாதிப் பேரு திறந்து படிக்கலாம். இப்ப உடனே ஒட்டுப் போட்டு அந்த ஓட்டையை அடைக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். சும்மா சிரிப்பில்லை, செத்தவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வீட்டு வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உன் வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையில் டுரியான் முள் மழுங்கியிருக்கும். மகள், "சிரிக்காதீங்கப்பா, சீரியஸ்லா!" என்று கத்தினாள். எனக்கு அடக்க முடியவில்லை. "அஞ்சாவது கட்டம்! அஞ்சாவது கட்டம்!" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதை என்னோடு சேர்ந்து பட்ட ஒரே ஆளான நீ உள்ளே இலை முன்னால் இருந்தாய்.

நாம் வேலை பார்த்த ஆற்றோரக் கிடங்கு இப்போது இல்லை. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது வெள்ளைக்காரப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் காலத்தில் அங்கே பால் டின்னும் சார்டின் டின்னும் பிஸ்கட் பெட்டியும் கூரைவரை அடுக்கியிருக்கும். நீ உள்ளே கணக்கெழுதுகிற இரண்டாவது கிராணி. நான் வாசலில் ஜாகா. நாடு சுதந்திரம் வாங்க இன்னும் சில மாதம் இருந்தது, துரை ஊருக்குப் போக மூட்டை கட்டுவதாகப் பேச்சு. அவரோடு பெரிய கிராணியும் போகிறார், அந்த நாற்காலி உனக்குத்தான் என்று கிடங்கில் எலிக்குக்கூடத் தெரியும்.

துரை சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். சண்டை முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். கிடங்குக்குள் நுழைய ஒரு ரகசியச் சொல் வேண்டும், அது திங்கட்கிழமைதோறும் மாறும் என்று உத்தரவு போட்டார். சொற்களாவது நம் வாயில் நுழைகிறதாக இருந்தனவா? அவருடைய ஊர்த் தோட்டத்துப் பூக்களின் பெயர்கள். ஜெரேனியம். ஹைட்ரேஞ்சியா. கிரிசாந்திமம். முதல் இரண்டு வாரம் லாரிகள் பாலம்வரை நின்றன. ஓர் ஓட்டுநர் ஜன்னலில் நின்று தனக்குத் தெரிந்த எல்லாப் பூவையும் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில், "டேய், செம்பருத்தின்னு வச்சுக்கிட்டு உள்ள விடுறா" என்று கெஞ்சினான்.

அதற்குத்தான் நீ உன் புத்தகத்தைக் கொண்டுவந்தாய்.

உனக்குப் புத்தகம் என்றால் என்ன பைத்தியம்! எழுதி வைக்காத எதுவும் உன்னைப் பொறுத்தவரை நடக்கவில்லை. உங்கள் வீட்டுக் கோழி முட்டையிட்டதைக்கூடத் தேதி போட்டு எழுதினவன் நீ. நல்ல தடித்த பேரேடு, கறுப்பு ரூல்தடியை உருட்டிச் சிவப்பு மையில் கோடு போட்டு ஐந்து கட்டம். பெயர், நேரம், வந்த வேலை, கையெழுத்து. ஐந்தாவது, சொன்ன சொல்.

"அஞ்சாவது எதுக்கு?" என்று கேட்டேன்.

"யாராச்சும் தப்பாச் சொல்லிட்டு, சரியாத்தான் சொன்னேன்னு சண்டைக்கு வந்தா? அத்தாட்சி வேணாமா? எழுதி வைலா" என்றாய்.

நாம் பேசியதெல்லாம் மலாயில். அதைத்தான் தமிழில் போடுகிறேன். உன் 'லா'வை மட்டும் தொடவில்லை. உனக்குத் தெரிந்த தமிழ் பொங்கல், இலை, மாமா, கும்பாபிஷேகம் என்று இருபது சொல்லுக்குள் முடிந்துவிடும். மற்றதெல்லாம் உங்கள் செட்டி வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிற மலாய்.

புத்தகம் வந்தபின் அதிசயம் நடந்தது. ஒருவர்கூடத் தப்பாகச் சொல்வதில்லை. சீன லாரிக்காரர், மலாய்க்கார ஓட்டுநர், நம் தமிழ் மூட்டைக்காரர்கள், எல்லோரும் ஜன்னலில் வந்து கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் யோசித்து, எழுத்தெழுத்தாக ஹை-ட்-ரேஞ்-சியா என்று ஒப்பித்தார்கள். நானும் மாலை வகுப்பில் கற்ற ஆங்கில எழுத்தில், முத்து முத்தாக, ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன். என் கையெழுத்தின் மேல் எனக்கு ஒரு கர்வம். எழுதியதும், அவர்கள் கையெழுத்துப் போடுவதற்காகப் புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பேன். அடுத்த ஆள் வரும்வரை அது அப்படியே தெருவைப் பார்த்துக் கிடக்கும். எட்டு மாதம் ஒரு தவறான பதில்கூட இல்லை என்று துரை தம் சிநேகிதர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். நீ எனக்குச் சபாஷ் சொன்னாய். நான் உனக்குச் சொன்னேன். இரண்டு மகா புத்திசாலிகள்!

ஒரு செவ்வாய்க்கிழமை துரை திடீரென்று கிடங்குக்குள் இறங்கி வந்தார். பால் பெட்டிகளுக்கு நடுவில் சுகமாகச் சம்மணம் போட்டு, கச்சான் பூத்தே மாரிமுத்து கடலை விற்றுக்கொண்டிருந்தார். சுற்றி மூட்டைக்காரர்கள். துரைக்கு முகம் சிவந்தது. புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெயர், மாரிமுத்து. வந்த வேலை, கடலை. சொன்ன சொல், கிரிசாந்திமம். அதுவும் ஒரு நாள் இல்லை, நான்கு மாதமாகத் தினமும், அந்தந்த வாரத்துச் சொல் தப்பாமல்! சரியான சொல்லைச் சொன்னவரை உள்ளே விடாமல் நான் என்ன செய்வேன்? உத்தரவு அப்படி.

துரை அதைக் கேட்கவில்லை. கடலைக்காரரும் தமிழர், ஜாகாவும் தமிழர், ஆக சொல்லை நான்தான் விற்றிருக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார். ஒரு சுருள் கடலைக்கு! சனிக்கிழமைக்குள் சொல் எப்படி வெளியே போனது என்று தெரியவேண்டும், இல்லையென்றால் ஜாகா வீட்டுக்குப் போகலாம் என்றார்.

எனக்குப் போக வீடு ஏது? ரப்பர் தோட்டத்தில் அப்பாவோடு சண்டை போட்டு, இனிப் பால்வெட்டுக் கத்தியைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு டவுனுக்கு வந்தவன் நான். அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீட்டார் கேட்டதே ஒன்றுதான், மாப்பிள்ளைக்கு டவுனில் நிலையான வேலை இருக்கவேண்டும். நான் வேறு வாய்க்கொழுப்பில், கிடங்கில் நான் சொல்லாமல் ஒரு ஈ நுழையாது என்று மாமனாரிடம் அளந்திருந்தேன். வேலை போனால் கல்யாணம் போகும், கத்தி திரும்பி வரும். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ உன் சோற்றுப்பாத்திரத்தைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, "கண்டுபிடிச்சுடலாம்லா" என்றாய்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு புத்தகம் போட்டாய்! சந்தேகப்பட்டவர் பெயர், சந்தேகத்துக்குக் காரணம், அவர் சொன்ன பதில். புதன் முழுக்க எல்லோரையும் விசாரித்தாய். எல்லோரும், "சொல் அங்கதானே இருக்கு" என்று ஒரே மாதிரி சொல்ல, நீ அதை ஒரே மாதிரி எழுதிக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து மழுப்புகிறார்கள் என்று அடியில் கோடும் போட்டாய். மாரிமுத்து மட்டும் பாவம், மனம்விட்டுப் பேசினார். "தம்பி, நான் இங்கிலீஷ் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் படிச்சவன். மேல எழுதிருக்கிறதைப் படிச்சுக் காட்டணும்னுதானே வச்சிருக்கீங்க? எழுத்துத் தெரிஞ்சவனை மட்டும் உள்ள விடுறாங்கன்னு நெனச்சேன்" என்றார். நான் அவர் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து அவரிடமும் கோபித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை, நடந்ததை நடந்தபடி செய்து பார்ப்போம் என்றாய். நான் ஜன்னலுக்கு உள்ளே. நீ வெளியே, லாரி ஓட்டுகிறவன் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தாய். லாரி சத்தம்கூட வாயால் போட்டாய். ஜன்னலில் வந்து நின்றாய். நான், "என்ன சொல்?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தாய். புத்தகம் உன்னைப் பார்த்துக் கிடந்தது. மேலே இருந்த வரியில் என் முத்து முத்தான எழுத்தில் கிரிசாந்திமம். அதற்கு மேலேயும் கிரிசாந்திமம். அந்தத் திங்கட்கிழமை காலை முதல் ஆளாக நுழைந்த உன் பெயருக்கு நேரே தொடங்கி, பக்கம் முழுக்கக் கிரிசாந்திமம்.

"அலாமாக்" என்றாய், மலாயில் நம் ஐயையோ. அவ்வளவு மெல்லிய குரலில் நீ பேசி நான் கேட்டதில்லை.

நான் புரியாமல், "அது சரியான பதிலில்லை" என்றேன். அதை நீ சாகும்வரை சொல்லிக் காட்டினாய்.

பிறகு ஒட்டுப் போடும் படலம். துரைக்குத் தெரிவதற்குள் சரிசெய்துவிட்டு, முறையை மேம்படுத்தியிருக்கிறோம் என்று காட்டிவிடலாம் என்பது உன் திட்டம். அன்று வேலை முடிந்ததும் காகிதத்தை நீளநீளமாக வெட்டி, பழஞ்சோற்றைப் பிசைந்து பசையாக்கி, எட்டு மாதத்து ஐந்தாவது கட்டத்தையும் பக்கம் பக்கமாக ஒட்டி மூடினோம். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் மலாக்காவில் உள்ள எறும்பு பூராவும் புத்தகத்தில். தட்டிவிட்டுத் திறக்கப் பார்த்தோம். புத்தகம் காய்ந்து செங்கல்லாகிவிட்டது. கடைசியில் இருந்த எழுதாத பக்கங்கள் மட்டும்தான் பிழைத்தன.

அடுத்த யோசனை, "நீ தமிழ்ல எழுது. யாருக்குத் தெரியும்?" என்றாய். உனக்குத் தெரியாது என்பதால் ஊரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாய். நானும் எழுதினேன். பத்து மணிக்குத் தமிழ் மூட்டைக்காரர் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்து, பின்னால் நின்ற சீன ஓட்டுநருக்கு உச்சரிப்பும் சொல்லிக்கொடுத்தார். முன்பு படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சொல், இப்போது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை நீ தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். "துரைகிட்டப் போறேன்" என்றாய்.

"என்னன்னு சொல்லுவே?"

"கட்டம் போட்டது நான்னு சொல்லுவேன்."

"நாற்காலி?"

நீ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாய். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாய் திறந்தேன், கிராணி. சத்தியமாகத் திறந்தேன். அடுத்த மாதத்துக் கல்யாணம் கண் முன்னால் வந்தது, மூடிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் இதை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

மாடியில் துரை அறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பட்டியல் போட்டுப் பேசினாய். ஒன்று, இரண்டு, மூன்று என்று. துரை ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். பிறகு, "அப்படியென்றால் எட்டு மாதமாக ஒருவனுக்கும் அந்தச் சொல் தெரியாதா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும், சார்" என்றாய்.

அவர் கத்தியிருந்தால் தேவலாம். கத்தவில்லை. மேசைமேல் உன்னைச் சிபாரிசு செய்து தட்டச்சு செய்த கடிதம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதை எடுத்து இழுப்பறையில் போட்டுச் சாவியைத் திருப்பினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு பினாங்கிலிருந்து ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நீ இன்னும் ஆறு வருஷம் இரண்டாவது கிராணி.

அன்று அறையை விட்டு வெளியே வந்ததும் நீ கேட்டது, "என் ரூல்தடி எங்கே?"

ஜாகாவுக்கு ஒன்றும் இல்லை, கட்டத்தை மட்டும் மூடவேண்டும் என்று உத்தரவாம். சிவப்பு மையோடு வந்து புத்தகத்தின் முன் உட்கார்ந்தாய். ஆனால் சும்மா மூட உன் மனம் ஒப்பவில்லை. "முறையா முடிக்கணும். கடைசியா ஒரு வரி எழுது, நான் கையெழுத்துப் போடுறேன், அப்புறம் கோடு போடலாம்" என்றாய். நான் பேனாவை வாங்கினேன். உன்னிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. மலாயில் சொல்லக் கூச்சமாக இருந்தது. தமிழில் எழுதினேன். கட்டம் சின்னது, அடுத்த வரிக்கும் போய்விட்டது.

நீ எட்டிப் பார்த்தாய். "நீளமா இருக்கே. பாஸ்வர்ட்டா?"

"ஆமா" என்றேன்.

பக்கத்தில் உன் கையெழுத்தைப் போட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதியும் போட்டாய். பிறகு ரூல்தடியை வைத்து மேலிருந்து கீழே ஒரே கோடு. ஐந்தாவது கட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை நடந்தது தெரியுமே! ஒட்டு நன்றாக வேலை செய்தது. ஒருவருக்கும் சொல் தெரியவில்லை, லாரிகள் பாலத்தைத் தாண்டி நின்றன. புத்தகத்தைப் பார்த்தே பழகிவிட்ட எனக்கே மறந்துபோய், நீ மாடியிலிருந்து இறங்கி வந்து என் காதில் சொன்னாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அதே கூத்துதான். உன் வீட்டு வாசலில் மகள் இரண்டு மணி நேரம் தட்டிவிட்டு, "ஒட்டுப் போட்டாச்சுப்பா" என்று நிமிர்ந்தாள். அதற்குள் மறுபடி போன். இப்போது யாராலும் உள்ளே நுழைய முடியவில்லையாம்! நான் திரும்பவும் சிரித்தேன். இந்தத் தடவை உன் வீட்டம்மாவும் சிரித்துவிட்டார், அவருக்கு இந்தக் கதை தெரியும்.

கடைசி வரி மட்டும் தெரியாது. யாருக்குமே தெரியாது. நீ வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாய், "அன்னிக்கு என்னலா எழுதினே?" என்று. என் கல்யாணத்தில் கேட்டாய். என் மகள் பிறந்தபோது கேட்டாய். நான் ஒவ்வொரு தடவையும், பாஸ்வர்ட் என்றேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் மூக்குக் குழாயோடு கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாஸ்வர்ட்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "நல்லது, யாருகிட்டயும் சொல்லாதே" என்றாய்.

உன் ரூல்தடியை உன் வீட்டம்மா எனக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் காகிதத்துக்கு அதை வைத்துத்தான் ஓரம் போட்டேன். கோணல் இல்லை, பார்த்துக்கொள். புத்தகம் என்ன ஆனதோ தெரியாது. அந்த வரி எனக்கு மனப்பாடம். அடுத்த பார்ச்சுக்கு இந்தக் கடிதத்தைச் சுருட்டி, கடலை நிரப்பி, உன் இலையில் வைக்கச் சொல்வேன். தமிழை எப்படிப் படிப்பது என்று விழிக்காதே. உன் பூட்டனுக்குப் பூட்டன்கள், தமிழ் பேசிக்கொண்டு கப்பலில் வந்தவர்கள், அவர்களும் அன்றைக்கு இலைக்கு வருவார்கள்தானே? யாராவது ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்.

நான் எழுதியது இதுதான்: 'எனக்காக நாற்காலியை விட்டவன். நூறு வருஷம் இருக்கணும்.'

நூறு, கிராணி. நீ சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், தேதியோடு. எண்பத்திரண்டில் எழுந்து போய்விட்டாயே, அது என்ன ஒழுங்கு?